உமி நம்முடையது, சாம்பலும் நம்முடையதே!



களை எடுக்கும்போது நெல் தோகை கையை அறுக்குதே, ஏன்? அதில் இருக்கிற சிலிக்காதான் காரணம். தழைச்சத்தைவிட அதிகமாகவே நெல் இதை மண்ணிலிருந்து எடுக்கிறது. தாள் விறைப்பாகிறது, குலைநோயும் தண்டு துளைப்பானும் லேசில் நுழைய முடியாது, காத்து மழைக்குப் பயிர் சுலபத்தில் சாயாது. ஜப்பானில் 1955-லேயே சிலிக்கானை உரமாக அங்கீகரித்துவிட்டார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம ஊரில் நடப்பது என்ன? யூரியா கேட்டுப் போனால், "இந்த சிலிக்கான் பாட்டிலையும் எடுத்தாத்தான் மூட்டை" என்று தலையில் கட்டுகிறார்கள். நம்ம வயலுக்கு அது தேவையா? 2015-ல் வந்த மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 விவரம் இருக்கும்; சிலிக்கான் இருக்காது. சோதிக்காத சத்துக்கு நம்மிடம் காசு பிடுங்குவது என்ன நியாயம்?

கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 2 டன் நெல் என்றால் உமி சுமார் 400 கிலோ. எரித்தால் சாம்பல் 80 கிலோ. அதில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோலில் இதைவிட அதிகம். மாட்டுக்குப் போட்ட வைக்கோல் சாணியாக வயலுக்குத் திரும்பும். லாரி ஏறியது திரும்புமா? உமியோ அரிசி ஆலை பாய்லரில் எரிகிறது. சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு தண்ணியில் விளைந்த நம்ம மண்ணின் சத்து சாம்பல் மேடாகக் கிடக்கிறது. நாமோ பாட்டிலுக்குக் காசு கொடுக்கிறோம்!

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். உமிச்சாம்பல் யூரியாவுக்கு மாற்று இல்லை; மெதுவாகத்தான் கரையும். அதிக சூட்டில் வெந்து வெளுத்த சாம்பலைவிடக் கருஞ்சாம்பலே மேல். யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டினால் குலைநோய் கூடத்தான் செய்யும். கடைசி உழவில் கொஞ்சம் இடத்தில் போட்டுப் பாருங்கள், பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது:

* யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுத்து நிறுத்து!
* மண் பரிசோதனையில் சிலிக்கானையும் சேர்!
* ஆலைச் சாம்பலைச் சோதித்து, கூட்டுறவு சங்கம் மூலம் ஏற்றுகூலி மட்டும் வாங்கிக் கொடு!
* பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் மூலம் நம்ம வயல்களிலேயே செயல்விளக்கம் நடத்து!

கட்டாய விற்பனை நடந்தால் பில் கேளுங்கள். பில்லோடு சங்கத்துக்கு வாருங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!