வைரஸின் வடிவமும் நம் நாட்டு மருந்தும்

திருமலைராயன்பட்டினம் என்ற அளவிலே தமிழ் மாணாக்கர் நினைவில் எழுபவர் கவி காளமேகம். அவருடைய சிலேடைச் செய்யுளைக் கையில் எடுப்போர், சொல்லைப் பிரிக்கும் இடம் அறிந்தாலன்றி மறைபொருளை எட்டார். நோய் விளைக்கும் வைரஸ்களின் இயல்பும் அத்தகையதே. அவற்றின் அமைப்பைப் பகுத்தறிந்தால் மருந்து புகும் இடம் புலனாகும். இவ்வாராய்ச்சி பிற நாட்டார் தொழில் என்றும், நமக்கு மருந்து செய்து விற்பதே போதும் என்றும் கூறுவார் உளர். அக்கூற்றை யாம் உடன்படோம்.

கொடிக்காலில் வெற்றிலைக்குத் துணையாகவும், அடுக்களையில் கீரையாகவும் விளங்கும் அகத்தியை அறியாத தமிழர் இலர். அதனைப் பற்றும் வைரஸ் ஒன்றைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். ஆர். என். மூர்த்தி, எச். எஸ். சாவித்திரி முதலியோர் ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர்களின் துணையால் 3 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அதன் வடிவம் 1995இல் வெளியாயிற்று. 180 புரதக் கூறுகள் ஒழுங்குறப் பொருந்திய உருண்டை அது. முப்பதாயிரம் உருண்டைகளை வரிசையாக வைப்பினும் ஒரு மில்லிமீட்டர் நிரம்பாது. அகத்தி நோயால் ஆவதென் என்று நகைத்தல் எளிது. வைரஸின் கட்டடத்தைக் காணும் வித்தை நம் மண்ணில் வேரூன்ற அதுவே துணையாயிற்று என்பதை மறத்தலாகாது.

இனி, வடிவம் மருந்தாகும் வழியைக் காண்போம். சளி விளைக்கும் ரைனோ வைரஸ் ஒன்றன் வடிவத்தை மைக்கேல் ராஸ்மன் குழுவினர் 1985இல் வெளியிட்டனர். அதன் ஓட்டில் ஒரு சிறு குழி உளது. அதனுள் தக்க மருந்து புகுந்தால் ஓடு இறுகி, உள்ளிருக்கும் மரபுப் பொருளை வெளிவிடாது. அவ்வழியில் எழுந்த பிளெகோனரில் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2002இல் ஏற்க மறுத்தது. வடிவம் அறிந்த மாத்திரத்தே மருந்து கைகூடாது என்பது உண்மையே. ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதல் கண்டறிந்த எச்.ஐ.வி. தொற்றுக்கு, அவ்வைரஸின் உள்ளோட்டைப் பற்றும் லெனகாபவிர் 2022இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசியாக இடப்படும் அது, 2025இல் தொற்று வாராமற் காக்கவும் ஒப்பப்பட்டது.

அதன் விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகளோ, 2027 முதல் ஏறத்தாழ 40 டாலருக்கு வறிய நாடுகட்கு அளிப்பதாக 2025இல் அறிவித்தன. மலிவாகச் செய்யும் திறம் நம்மிடம் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் பிறர் கண்டதையன்றோ நாம் மலிவாக்குகின்றோம்? பிறர் காணாததை எங்ஙனம் மலிவாக்குவது?

டெங்குவை எண்ணுமின். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, காரைக்கால் முதல் எம்மூர் வரை நீர் தேங்குங்கால் கொசு பெருகுகின்றது, காய்ச்சலும் தொடர்கின்றது. டெங்கு வைரஸின் புறவடிவம் 2002இலேயே வெளியாயிற்று. எனினும் அதனை நேரே அடக்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. இந்நோயால் மிக வருந்துவோர் நம்மனோர். மருந்தைத் தேடும் கடமையும் நமதே.

ஆதலின், உடனடிப் பயன் கேளாது இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசும் செல்வரும் பொருள் உதவுக. விஞ்ஞானம் பயிலும் நண்பர்காள், அதன்கண் புகுமின்! நீவிர் காண்பவற்றைத் தெளிந்த தமிழில் ஊரார்க்கு உரைத்தல் தமிழ் பயிலும் எம் கடன்.