ஓட்டையைக் கண்டதும் கோடே அடைத்துவிடுமா? ஸ்மார்ட் கருவிகளின் தானியங்கிப் பாதுகாப்பு: எப்படி? எங்கே சிக்கல்?

2016 அக்டோபர் 21. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எனப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. இணையதளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் 'டின்' நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலே காரணம். தாக்கியவை பெரும்பாலும் கணினிகள் அல்ல. சிசிடிவி கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், ரவுட்டர்கள்.

'மிராய்' என்ற மால்வேர் அவற்றுக்குள் நுழைந்த வழி ரொம்பவே எளிது. 'அட்மின்', '1234' என கம்பெனியே வைத்துக் கொடுக்கும் சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பல கருவிகள் திறந்துகொண்டன.

ஒரு கேமராவின் பாஸ்வேர்டை மாற்ற 2 நிமிடம் போதும். ஆனால், ஒரு நிறுவனத்திடம் லட்சம் கருவிகள் இருந்தால்? ஆள் வைத்துச் செய்வது நடக்கிற காரியமா? அங்கேதான் கோட் வருகிறது.

ஆடிட்டில் என்ன பார்ப்பார்கள்?

இணையத்தோடு இணைந்த கருவிகளை நிர்வகிக்க, பல நிறுவனங்கள் கிளவுட் சேவைகளைப் பயன்படுத்துகின்றன. உதாரணமாக, அமேசான் வெப் சர்வீசஸின் 'ஐஓடி டிவைஸ் டிஃபெண்டர்' இந்தக் கருவிகளின் செட்டிங்குகளை தினமும் அல்லது வாரம், மாதம் ஒருமுறை எனத் தணிக்கை செய்யும்.

ஒவ்வொரு கருவிக்கும் அடையாள அட்டை போல ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அது 30 நாட்களுக்குள் காலாவதியாகப் போகிறதா? ஒரே சான்றிதழை 2 கருவிகள் பயன்படுத்துகின்றனவா? தேவைக்கு மேல் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா? இவற்றை அது கண்டுபிடித்துச் சொல்லும்.

கோட் எப்படிச் சரிசெய்கிறது?

'இந்தக் குறை வந்தால் இதைச் செய்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சந்தேகத்துக்குரிய கருவியைத் தனிக் குழுவில் சேர்ப்பது, சான்றிதழை முடக்குவது, அனுமதிகளை ரத்து செய்வது, பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்புவது என நடவடிக்கைகள் பல. ஆயிரம் கருவிகளில் குறை இருந்தாலும், ஒரே கட்டளையில் வேலை முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்போ சிக்கல் எங்கே?

பூட்டிக்கொண்ட பூட்டு

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், தன் ஸ்மார்ட் பூட்டுகளுக்கு இணையம் வழியாக அப்டேட் அனுப்பியது. ஆனால், அது வேறு மாடலுக்கான அப்டேட். சுமார் 500 பூட்டுகள் பழுதாகின. ஏர்பிஎன்பி மூலம் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் பலர் பாதிக்கப்பட்டனர். பூட்டுகள் இணைய இணைப்பையே இழந்துவிட்டதால், இன்னொரு அப்டேட் அனுப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. கழற்றி அனுப்பு, இல்லையென்றால் மாற்றிக்கொள் என்ற நிலை.

இது ஆடிட்டால் வந்த வினை அல்ல. ஆனால், தானாகச் சரிசெய்யும் எந்த கோடுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு கருவியின் சான்றிதழை முடக்கினால், அதன் கிளவுட் இணைப்பு துண்டிக்கப்படும். புதிய சான்றிதழை அனுப்ப வேண்டிய பாதையும் அதே இணைப்புதான். நோயாளிக்கு மருந்து போகும் குழாயையே பிடுங்கியது போலத்தான்.

இன்னொன்று: 2 கருவிகள் ஒரே சான்றிதழைப் பயன்படுத்தினால், எது அசல், எது போலி என்று ஆடிட் சொல்லாது. முடக்கினால் அசலும் சேர்ந்து நிற்கும். ஒரே அனுமதி விதியில் ஆயிரம் கருவிகள் இருந்தால், அந்த விதியை வெறுமையாக்கும்போது ஆயிரமும் ஊமையாகிவிடும்.

அப்படியானால் தீர்வு?

வரிசைதான் முக்கியம். காலாவதியாகப் போகும் சான்றிதழ் என்றால், பழைய இணைப்பு இருக்கும்போதே புதியதை அனுப்ப வேண்டும். கருவி புதியதோடு இணைந்ததை உறுதி செய்த பிறகே பழையதை முடக்க வேண்டும். முதலில் 10 கருவிகளில் சோதித்து, பிறகு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

தனிக் குழுவில் சேர்ப்பது, தகவல் அனுப்புவது போன்ற, திரும்பப் பெறக்கூடிய வேலைகளை கோடிடமே விடலாம். இணைப்பைத் துண்டிக்கும் முடிவை மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கருவி தோட்டத்து சென்சாரா, மருத்துவமனை உபகரணமா என்பது கோடுக்குத் தானாகத் தெரியாது; நாம் சொல்லி வைத்தால்தான் உண்டு.

நமக்கு இதில் என்ன?

வீட்டு கேமராவின் பாஸ்வேர்டை எந்த கிளவுட் ஆடிட்டும் வந்து மாற்றித் தராது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டுடன் ஸ்மார்ட் கருவிகளை விற்கத் தடை இருக்கிறது. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும். அடுத்த முறை கேமரா வாங்கும்போது, விலையோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள்.