படகின் பொறியும் பாட்டாளியின் கடனும்

கடற்றொழிலாளரின் பிரச்சினை கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. படகு கரையில் கிடந்தால் மட்டக்களப்புச் சந்தையில் மீனின் விலை ஏறுகின்றது. மாதச் சம்பளக்காரரின் வீட்டுக் கணக்குத் தடுமாறுகின்றது. தொழிலிழந்த படகோட்டி கூலிவேலை தேடிப் படுவான்கரை வயல்களுக்கு வருகின்றான். வேளாண்மை வெட்டுக் கூலியில் அதன் தாக்கம் தெரிகின்றது. ஆகவே, படகின் உள்ளேயிருந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, பின்புறத்தில் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டும் வழக்கத்தைப் பற்றி நாம் ஆசிரியத் தலையங்கம் எழுதுவது கண்டு எமது வாசகர்கள் வியப்படைய வேண்டியதில்லை. இது வெறும் மெக்கானிக்கின் விவகாரமெனப் பலர் எண்ணுகின்றனர். தொழிலும் சட்டமும் உயிரும் ஒருங்கே சம்பந்தப்பட்ட விவகாரம் இது என்பதே எமது கருத்தாகும்.

அண்மையில் நாவலடிக் கரையில் வயதான தொழிலாளர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய படகு ஏறக்குறைய 28 அடி நீளமுடையது. அதன் டீசல் இயந்திரம் பழுதடைந்து, உதிரிப்பாகமும் கிடைக்காமற் போகவே, தவணைக் கடனில் வெளியிணைப்பு இயந்திரமொன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். பின்பலகையை அறுத்தவர் ஊர்த் தச்சர். அளவு சொன்னவர் எவருமில்லை. பதிவுப் பத்திரத்தைப் பார்த்தோம். அதில் பழைய இயந்திரமே இருந்தது. "அண்ணன், இதை மாற்றவில்லையா?" என்று கேட்டோம். "கடதாசியில இருக்கிற போட் வேற, தண்ணியில நிக்கிற போட் வேற, ஐயா" என்றார் அவர். எங்கள் கரையோரத்தின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எவரும் கூறிவிட முடியாது.

இந்த நிலை எவ்வாறு வந்தது? 1950 களில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் நிபுணர்கள் இந்நாட்டுக்கு வந்து மீன்பிடியை இயந்திரமயமாக்கும் முயற்சியில் ஈடுபட்டனர். அத்தசாப்தத்தின் பிற்பகுதியிலிருந்து 28 அடி நீளமான, மூன்றரைத் தொன் படகுகள் அரசாங்கக் கடனுதவியுடன் தொழிலாளர் கைக்கு வரலாயின. அவற்றின் நடுவே டீசல் இயந்திரம், அடியினூடாக ஒரு தண்டு, அதன் முனையில் விசிறி, பின்னே சுக்கான். பாய்மரத்தையும் துடுப்பையும் மட்டும் நம்பியிருந்தவனுக்கு அது பெரும் விடுதலையாகவே இருந்தது. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. காரைநகரிலே நோர்வே உதவியுடன் எழுந்த சீநோர் தொழிற்சாலை வடபகுதித் தொழிலாளருக்கு அவற்றை அறிமுகப்படுத்தியதை மூத்தோர் மறந்திரார். இலேசான அப்படகுகளுக்கு வெளியிணைப்பு இயந்திரமே பொருத்தமாயிற்று. போர்க் காலத்தில் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையையே துடைத்தெறிந்தது. அதன்பின் உதவியாகக் குவிந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை சிறிய கண்ணாடியிழைப் படகுகளும் அவற்றுக்கான வெளியிணைப்பு இயந்திரங்களுமே. விற்பவனும் திருத்துபவனும் அந்த இயந்திரத்தையே அறிந்தவர்களாயினர். பழைய படகு வைத்திருந்தவனும் அதன் பக்கம் திரும்பியது இயல்பேயாகும்.

மாற்றுவதிற் பயன் இல்லையென்று நாம் வாதிடவில்லை. எங்கள் வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையதாயினும் ஆழமற்றது. பாலமீன்மட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நிற்கும் காலத்தில், அடியில் நிலையாகப் பொருத்தப்பட்ட விசிறியும் சுக்கானும் தரைதட்டி முறியும். வெளியிணைப்பு இயந்திரத்தையோ நிமிர்த்தித் தூக்கிவிடலாம். பழுதுபட்டால் கழற்றித் தோளிற் சுமந்து கடைக்குக் கொண்டுபோகலாம். படகின் நடுவே இயந்திரம் அடைத்திருந்த இடம் வலைக்கும் மீனுக்கும் கிடைக்கின்றது. தண்டு செல்லும் துவாரத்தினால் இரவும் பகலும் நீர் கசியும் தொல்லையும் ஒழிகின்றது. 1909 ஆம் ஆண்டளவில் நோர்வேயிற் பிறந்த ஓலே எவின்றூட் என்பவர் அமெரிக்காவில் இத்தகைய இயந்திரத்தை விற்கத் தொடங்கிய நாள் முதல், உலகெங்கும் சிறு படகோட்டிகள் அதை விரும்பியமைக்குக் காரணங்கள் இவைதாம்.

ஆனால், ஒரு படகு எந்த இயந்திரத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த இயந்திரத்தின் பாரத்தையும் அது நிற்கும் இடத்தையும் கணக்கிட்டே கட்டப்பட்டது. நடுவிலிருந்த பாரத்தை எடுத்துவிட்டுப் பின்புறத்தில் புதிய பாரத்தைத் தொங்கவிட்டால், பின்புறம் தாழும், முன்புறம் நிமிரும். அதற்கு மேலும், இயந்திரத்தைப் பூட்டுவதற்காகப் பின்பலகையின் நடுவை அறுத்துத் தாழ்த்துகின்றனர். அமைதியான வாவியில் இதன் அபாயம் தெரியாது. மீன்பாரத்தோடு முகத்துவாரத்தினூடாகத் திரும்பும்போது, பின்னாலிருந்து துரத்தும் அலை அந்த வெட்டுவாயினூடாகவே உள்ளே பாய்கின்றது. இயந்திரம் நனைந்து நின்றுவிட்டால் ஓட்டமும் போயிற்று, திசைதிருப்பும் வழியும் போயிற்று. சுக்கானைத்தான் முன்னரே கழற்றியாயிற்றே! ஓர் அலையில் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி மறைந்துபோகக் கூடிய இடம் அது.

இதைத் தவிர்க்க வழியில்லையா? உண்டு. வெட்டுவாய்க்கு முன்னால் இடமிருந்து வலமாகத் தடுப்புப் பலகையிட்டு, உள்ளே பாயும் நீர் மீண்டும் வெளியே வடியும்படி ஒரு தொட்டி அமைக்க வேண்டும். அல்லது பின்பலகையை அறுக்காமல், அதற்கு வெளியே வலுவான தாங்கி பொருத்த வேண்டும். பலகை உக்கியிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். இயந்திரம் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அதுவே. பழைய தண்டுத் துவாரத்தை ஆப்பும் தாரும் வைத்து அடைத்தால் போதாது. உள்ளும் புறமும் முறையாக மூட வேண்டும். இயந்திரத்தின் கால் பொதுவாக 15, 20, 25 அங்குல அளவுகளில் வருகின்றது. பின்பலகையின் உயரத்துக்கு ஏற்றதையே வாங்க வேண்டும். விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு மிக மேலே நின்றால் விசிறி காற்றைக் கடையும். மிகக் கீழே நின்றால் எரிபொருளைத் தின்னும். பெற்றோல் கலனைப் பழைய இயந்திர அறைக்குள் மூடி வைப்பது வெடியை மூடி வைப்பதற்கு ஒப்பாகும். துடுப்பும் நங்கூரமும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். இவை அரிய விஞ்ஞானமல்ல. ஒரு மாலைப்பொழுதில் சொல்லிக் கொடுக்கக் கூடியவை. சொல்லிக் கொடுப்பார் இல்லையென்பதே குறை.

இனி எரிபொருளை எடுத்துக்கொள்வோம். பாரமான பழைய படகு நீரைக் கிழித்துச் செல்லும் வகையைச் சேர்ந்தது. நீரின் மேல் வழுக்கி ஓடாது. நீர்மட்டத்தில் 24 அடி நீளமுள்ள அத்தகைய படகு மணிக்கு ஏறக்குறைய ஆறரைக் கடல்மைலுக்கு மேல் செல்வது கடினம். எட்டுக் குதிரைவலுவை இருபத்தைந்தாக்கினாலும் வேகம் அதற்கேற்ப ஏறாது. செலவு மட்டும் ஏறும். அன்றியும், பழைய முறையிலமைந்த இருவீச்சு இயந்திரங்களில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகின்றது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தையும் பெற்றோலிலேயே தொடக்கி, சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் இக்குறைகள் எவர் கண்ணிலும் படவில்லை. 2022 இல் கண் திறந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 340 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முன்னரே கலனோடு நாட்கணக்கில் வரிசையில் நின்றவன், எண்ணெய் கிடைத்தபோது வாங்கப் பணமின்றி நின்றான். வரிசை குறைந்தாலும், இயந்திரத்துக்கான தவணை குறையவில்லை.

எமது விவசாய நண்பர்களுக்கு இந்த அனுபவம் புதியதன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையில் தடை செய்யப்பட்டபோது அவர்கள் பட்ட பாட்டை நாடறியும். ஒரு தொழிலை ஒரு பொருளின்மேல் நிறுத்திவிட்டு, அப்பொருளை ஓரிரவில் பறித்தால் அல்லது நான்கு மடங்கு விலையாக்கினால், விழுவது கொள்கை வகுத்தவனல்லன்; வயலிலும் கடலிலும் நிற்பவனே.

கேரளக் கரையும் இப்பாடத்தைக் கற்றது. 1953 இல் கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரைப் பகுதியில் நோர்வே உதவியுடன் தொடங்கிய திட்டம் உள்ளிணைப்பு இயந்திரப் படகுகளைக் கொண்டு வந்தது. 1980 களில் அங்குள்ள சிறு தொழிலாளர் தமது நாட்டு வள்ளங்களுக்கு வெளியிணைப்பு இயந்திரங்களைப் பூட்டினர். தொடக்கத்தில் வலை நிறைந்தது. பின்னர் ஒருவன் வலுவைக் கூட்ட, மற்றவனும் கூட்டினான். கடலில் மீன் அவ்வாறு கூடவில்லை, கடன் கூடிற்று. சலுகை விலை மண்ணெண்ணெய்க்காக அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்கும் நிலை நிலைத்தது. எனினும், அங்குள்ள தொழிலாளர் சங்கமாகத் திரண்டு நின்றபடியால், அவர்களது குரல் ஆட்சியாளரின் காதில் விழுந்தது. எங்கள் கரையில் ஒவ்வொருவனும் தனித்தனியாகக் கடன் வாங்கி, தனித்தனியாகப் பலகை அறுத்து, தனித்தனியாக நட்டமடைகின்றான்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒருநாட் படகு, பலநாட் படகு, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு, இயந்திரமுள்ள மரபுவழி வள்ளம், இயந்திரமற்ற வள்ளம் என வகைகளும் வகுக்கப்பட்டுள்ளன. உள்ளிணைப்பு இயந்திரப் படகாகப் பதிவானது இயந்திரம் மாறியதும் அந்த வகையிலிருந்து நழுவுகின்றது. பத்திரத்தைத் திருத்தாதவன் நிவாரணப் பட்டியலிலும் எரிபொருட் சலுகையிலும் எந்த வகையில் தன்னைக் காட்டுவான்? இன்னொன்றையும் எச்சரிக்க விரும்புகின்றோம். காப்புறுதி ஒப்பந்தம் முழு நேர்மையை அடிப்படையாகக் கொண்டது. முக்கியமான ஒரு விடயத்தை அறிவிக்காது விட்டவனின் கோரிக்கையை மறுக்கக் காப்புறுதியாளனுக்கு அது வாய்ப்பாகிவிடும். படகு மூழ்கிய பின் விதவையொருத்தி நீதிமன்றப் படியேறி, கடதாசிப் படகுக்கும் தண்ணீர்ப் படகுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

எனவே, எமது கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கின்றோம். முதலாவது, இயந்திரம் மாற்றுவதற்கான அளவுகளும் பாதுகாப்பு விதிகளும் அடங்கிய சிறு கைந்நூலொன்றைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம் எளிய தமிழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, மாற்றிய படகைக் கரைக்கே வந்து பரிசோதித்து, தண்டமின்றிப் பதிவைத் திருத்திக் கொடுக்க ஒரு காலத்தவணை அறிவிக்க வேண்டும். பயத்தினால் மறைத்து வைப்பவன் அப்போது தானாகவே முன்வருவான். மூன்றாவது, இயந்திரக் கடன் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே வழங்கப்பட வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் படகு கரையிலேயே கிடப்பதால் அம்மாதங்களில் தவணை அறவிடலாகாது. நான்காவது, எரிபொருள் விலையை ஒரே பாய்ச்சலில் உயர்த்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் நோக்கிக் கைநீட்டுவதும் எமது நோக்கமன்று. ஒவ்வொரு சங்கமும் தன் கரையிலுள்ள பழைய படகுகளைப் பட்டியலிட்டு, எதை மாற்றலாம், எதற்குப் பழைய டீசல் இயந்திரத்தைத் திருத்துவதே மேல், எதைக் கரையேற்றி விடுவது நல்லது என்று முடிவு செய்யலாம். கடலில் நெடுந்தூரம் பாரத்தோடு செல்லும் படகுக்கு டீசலே நன்று; வாவியிலும் முகத்துவாரத்திலும் நாள்தோறும் ஏறி இறங்கும் இலேசான படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் நன்று. அடி உக்கிய படகுக்கு இரண்டும் வீண். இதனைக் கடன் வாங்கு முன்னர் சொல்ல ஒருவர் வேண்டும். எமது பொறியியலாளர்களும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு நாளைக் கரையோரத்துக்குக் கொடுத்தாலென்ன?

இது மீனவரின் பாடு என்று ஒதுங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அத்துறையை மக்கள் எவ்வாறு கடந்தனர்? குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் ஆசிரியரும் மாணவரும் நெல்மூடையோடு விவசாயியும் பாதையிலும் தோணியிலும் கடந்து பழகியவர்களல்லரோ? 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். அதன் பின்னரே அனுமதி யார் கொடுத்தது, பரிசோதித்தவர் யார் என்ற கேள்விகள் எழுந்தன. கேள்விகள் சாவுக்குப் பின்னரே எழுவது எமது நாட்டின் பழக்கமாகிவிட்டது. முகத்துவாரத்துப் படகுகளைப் பொறுத்தவரை அக்கேள்விகளை இப்போதே கேட்கின்றோம்.

வாடைக்காற்று ஓய்ந்து முகத்துவாரம் மீண்டும் தொழிலுக்கு உகந்ததாகும்போது படகுகள் இறங்கும். அதற்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் ஒரு கூட்டம் கூட்டட்டும்; ஒவ்வொரு படகின் பின்பலகையையும் ஒருவர் தட்டிப் பார்க்கட்டும்; ஒவ்வொரு பத்திரமும் திருத்தப்படட்டும். கடதாசியிலுள்ள படகும் தண்ணீரில் நிற்கும் படகும் ஒன்றாகும் நாளில்தான் எங்கள் தொழிலாளி நிம்மதியாகக் கரை சேருவான்.