பிள்ளை ஓட வீட்டில் இடமுண்டா?

மலேசியாவின் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்த காலத்தில், பிள்ளையை ஓட வைக்க யாரும் திட்டம் போட்டதில்லை. லயத்து வாசலே போதுமானதாக இருந்தது. தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்ததில் வசதி கூடியது உண்மை. பழைய வறுமைக்கு ஏங்குவதில் பொருளில்லை. ஆனால் இன்று வாசலில் கார் நிற்கிறது, அதைத் தாண்டினால் சாலை. மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் ஓட்டம் இனித் தானாக நடக்காது. பெற்றோர்தான் அதற்கு இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

இந்த வயதினர் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. அதே ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். சிறுவயது ஓட்டம் மட்டுமே இதைத் தடுத்துவிடாது. உணவுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனாலும் உடலை அசைப்பதில் பிள்ளைக்கு இயல்பாகவே ஆசை இருக்கும் வயதில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பது நாமே தேடிக்கொள்ளும் கேடு.

பத்து காவான் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும் தாயிடம் மூன்று மணி நேரம் கேட்பது நியாயமா? நியாயமான கேள்விதான். அந்த 180 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளியிலும் பாட்டி வீட்டிலும் ஓடுவதும் அதில் சேரும். மிச்சத்துக்கு வீட்டு வேலையே கைகொடுக்கும். துணி காயப்போடும்போது கவ்விகளை ஒவ்வொன்றாக ஓடி எடுத்துவரச் சொல்லலாம். பழைய காலுறையைச் சுருட்டினால் பந்து. அழுக்குத்துணிக் கூடைக்குள் எறியட்டும். தரை ஓட்டுக் கோட்டில் விழாமல் நடப்பது, தவளைபோல் தாவுவது, பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது எல்லாம் மழை நாளிலும் நடக்கும். கூடவே அப்பாவும் தாவினால் பிள்ளை இன்னும் நெடுநேரம் விளையாடும்.

எழுதப் படிக்க வேண்டிய வயதில் இதென்ன விளையாட்டு என்பது இன்னொரு தயக்கம். தோளும் மணிக்கட்டும் வலுப்பெறாத கைக்குப் பென்சில் சுமைதான். எறிவதும் தொங்குவதும் கையூன்றித் தவழ்வதும் அந்த வலுவைத் தருகின்றன. ஆகவே பாலர் பள்ளியில் சேர்க்கப் போகும்போது, எத்தனை எழுத்து சொல்லித் தருவீர்கள் என்பதோடு, பிள்ளைகளை எவ்வளவு நேரம் ஓட விடுவீர்கள் என்றும் கேளுங்கள்.