முதலில் பணம், பிறகு கன்று!

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தார்கள். மறுநடவுக்கும் தனி உதவி சொன்னார்கள். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இப்படிப்பட்ட உதவி எப்பொழுது கைக்கு வரவேண்டும் என்பதே நம் கேள்வி.

நெட்டைத் தென்னை காய்க்கப் பல வருஷமாகும். அதுவரை வருமானமில்லாதவனைப் பார்த்து, ‘நீ முதலில் நடு, அதிகாரி வந்து பார்த்து, பில்லைச் சரி கண்டபின் பணம்’ என்றால், அவன் வட்டிக்கடைக்குத்தானே போவான்? சர்க்கார் பணம் கடைசியில் வட்டிக்காரன் பெட்டியில்தானே விழும்?

நாட்றாம்பாளையம், அஞ்செட்டிப் பக்கத்துத் தோழர்கள், ‘கடற்கரைப் புயல் நமக்கென்ன?’ என்று எண்ணலாம். வறட்சியும் சூறைக்காற்றும் நம் மாமரத்தையும் தென்னையையும் விட்டுவிடுமா? ஓசூரைப் பாருங்கள். ஆலை வைக்க வருகிறவருக்கு சிப்காட் பேட்டையில் மனையும் ரோடும் முன்னதாகவே தயார். ‘முதலில் லாபம் காட்டு, பிறகு ரோடு போடுகிறோம்’ என்று எவராவது சொன்னதுண்டா? முதலாளிக்கு ஒரு நியாயம், குடியானவனுக்கு ஒரு நியாயமா?

ஆகவே நாம் கேட்பதாவது: மறுநடவு உதவியில் பாதியைக் குழி வெட்டுமுன்பே முன்பணமாகக் கொடுக்கவேண்டும். மீதியை, கன்று உயிரோடிருப்பதைப் பார்த்து, காய்க்கும்வரை வருஷத் தவணையாகக் கொடுக்கட்டும். வாங்கிக்கொண்டு நடாதவனிடம் திருப்பி வசூலிக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. குத்தகைக்காரனையும் விட்டுவிடக்கூடாது.

‘எல்லாம் தலைவிதி’ என்று உட்கார்ந்திருப்பவனுக்கு விதியும் உதவாது, சர்க்காரும் உதவாது. தோழர்களே, ஊர்தோறும் கூடித் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.