ஸ்பெயின், போர்த்துக்கல் வழிச்செலவு: அகலமோ, ஆழமோ?

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் அடுத்தடுத்துக் கிடப்பன ஸ்பெயினும் போர்த்துக்கலும். இவ்விரு நாடுகளையும் மோட்டார் வண்டியிற் சுற்றிவரல் வேண்டுமென்னும் வேட்கை நம் மாணவரிடையேயும் பழைய மாணவரிடையேயும் காணப்படுகின்றது. வேட்கை நன்றே. ஆயின், அதன்பொருட்டு வகுக்கப்படும் திட்டம் பெரும்பாலும் நன்றன்று என்பதே எம் துணிபு.

அத்திட்டம் யாது? பன்னிரண்டு நாளிற் பார்சலோனா, கிரனாடா, செவில், லிஸ்பன், போர்ட்டோ, மாட்ரிட் ஆகிய யாவற்றையும் கண்டு, தொடங்கிய இடத்திற்கே மீள்வது. கூட்டிப்பார்ப்பின் வழி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டராம். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வன. இடப்புறம் ஓட்டிப் பழகியவருக்கு ஒவ்வொரு திருப்பமும் ஒரு சோதனை. பல்லாண்டு சேர்த்த பொருளைச் செலவிட்டுச் செல்பவர், களைத்த கண்களோடு நுனிப்புல் மேய்ந்து திரும்புதல் தகுமோ? பொருளிழப்பினும் பெரிது உயிர்க்கு நேரும் இடர் என்பதையும் உடன் செல்லும் முதியோரும் சிறாரும் பொருட்டாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, மோட்டார் வண்டி எதற்கு வேண்டப்படுவது என்பதை ஆராய்வோம். பெருநகர்களில் அஃது உதவியன்று, சுமையே. டொலேடோவின் பழந்தெருக்களும் லிஸ்பனின் மேட்டுத் தெருக்களும் நடப்பார்க்கே உரியன. வண்டியை நிறுத்த இடந்தேடுதலிலேயே பொழுது கழியும். மாட்ரிட்டிலிருந்து செவிலுக்கு 1992-ஆம் ஆண்டு முதலே அதிவிரைவு இரயில் ஓடுகின்றது. ஆகவே, இருப்புப்பாதை நன்கமைந்த இடங்களுக்கு இரயிலும், அஃது அருகிய இடங்களுக்கு மோட்டாருமே ஏற்றவை என்க. அத்தகைய இடம் மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் இடைப்பட்ட நிலம். ஸ்பெயினில் எஸ்த்ரெமதூரா என்றும், போர்த்துக்கலில் அலெந்தேஷு என்றும் அதனை வழங்குவர். பலரும் வானூர்தியில் தாண்டிச் செல்லும் அந்நிலமே எம் திட்டத்தின் நடுவாகும்.

மாட்ரிட்டினின்று புறப்பட்டு டொலேடோ, துருஹியோ வழியாக மெரிதா சேர்க. அகஸ்டஸ் கி.மு. 25-இல் நிறுவிய அந்நகரில் உரோமர் கட்டிய அரங்கு இன்றும் உளது. குவாதியானா ஆற்றின்மேல் அவர் அமைத்த நெடும்பாலம் இப்பொழுது நடப்பார்க்கு மட்டுமே உரியது. அங்கு ஈரிரவு தங்குதல் நலம். பின்னர்ப் பதஹோஸ் கடந்தால் விண்மீன் வடிவக் கோட்டை சூழ்ந்த எல்வாஸ். எல்லைச் சோதனை 1995-இல் நீங்கியமையின் ஒரு நாட்டினின்று மற்றொன்றிற் புகுந்ததைக் கடிகாரமே பெரிதும் உணர்த்தும்; போர்த்துக்கல் ஒரு மணி நேரம் பிந்தியது. அப்பால் எவோரா, அதற்கப்பால் லிஸ்பன். மீளுங்கால் தேஜோ ஆற்றின் பக்கமாக வந்து, திராஜன் காலத்தெழுந்த அல்காந்தரா பாலத்தையும், கசெரஸ் நகரையும் கண்டு மாட்ரிட் சேரலாம். முழுவழியும் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரே.

எல்வாஸுக்கும் எவோராவுக்கும் இடையே விலா விசோசா என்றொரு சிற்றூர் உண்டு. தமிழ் கற்பார் அதனைத் தவிர்த்துச் செல்லலாகாது. முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் பயின்று, 1578-இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்த அண்டிரீக் அடிகளார் பிறந்த ஊர் அது. அதற்கு முன்னரே, 1554-இல், உரோமன் எழுத்திற் பொறித்த தமிழ் நூலொன்று லிஸ்பனில் அச்சேறியது. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு அவ்வழிச் செல்வார்க்கு, அயல்நாட்டுச் சாலையும் நம் மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகத் தோன்றும். விரைந்து ஓடும் திட்டத்தில் இவ்வூருக்கு இடமில்லை.

திட்டமே வேண்டாம், போனபோக்கிற் போவோம் என்பாரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. வாடகை மோட்டாரை எல்லை கடத்த உரிமையாளரின் இசைவை முன்னரே பெறல் வேண்டும். ஒரு நாட்டில் எடுத்து மற்றொன்றில் விடுவார்க்குக் கூடுதற் கட்டணம் நேரும். ஆகலின் தொடங்கிய ஊருக்கே மீளல் சிக்கனம். நம் நாட்டு உரிமைச்சீட்டோடு அனைத்துலக ஓட்டுநர் சீட்டையும் உடன் கொள்க. சூலை, ஆகஸ்டு மாதங்களில் அவ்வுள்நாட்டில் வெயில் 40 பாகையைக் கடப்பதுண்டு. ஏப்ரலும் மேயும் இனியன. ஸ்பெயினின் சிற்றூர்களிற் பிற்பகலிற் கடைகள் அடைபடுதலின், அப்பொழுதை ஓய்வுக்கு ஒதுக்குதல் அறிவுடைமை.

அல்ஹம்பிராவைக் காணாது மீள்வதோ எனச் சிலர் வினவுவர். கண்டவற்றின் தொகையே பயணத்தின் பயனாயின் அவ்வினா தக்கதே. அங்ஙனமன்று. அல்ஹம்பிராவைக் காண விழைவார் அதற்கென மற்றொருகால் இரயிலேறிச் செல்லுக. அன்றேல், லிஸ்பனை விடுத்து அதனைக் கொள்ளுக. ஒன்றைக் கொள்ள ஒன்றை விடுதலே திட்டமிடுதல். அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்பது நம் உழவர் மொழி. நண்பர்காள், நிலப்படத்தை விரிக்குங்கால் எவ்வூரைச் சேர்க்கலாம் என வினவாது, எவ்வூரை நீக்கலாம் என முதற்கண் வினவுமின்.