நானோவுக்கு என்ன குறைச்சல்?

சாயங்காலம் ஆறு மணிக்கு மாம்பழச் சாலை முனையில் பத்து நிமிஷம் நின்று, காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும் ஸ்கூட்டர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை வண்டியில் நாலு பேர்? முன்னால் நிற்கிற பையன், அப்பா, நடுவில் நசுங்கிக்கொண்டு யூனிஃபார்மில் ஒரு பெண், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த அம்மா, அவள் மடியில் காந்தி மார்க்கெட் காய்கறிப் பை. ஹெல்மெட் அப்பாவுக்கு மட்டும். ஒரு சாண் தள்ளி ஒண்ணாம் நம்பர் பஸ் உரசிக்கொண்டு போகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். சட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

இதே மாதிரி ஒரு குடும்பத்தை மழையில் பார்த்ததால்தான் நானோ எண்ணம் வந்தது என்று ரத்தன் டாட்டா பலமுறை சொல்லியிருக்கிறார். விலை ஒரு லட்சம் என்ற பேச்சு 2003-லேயே கிளம்பிவிட்டது. ஜனவரி 2008-ல் டெல்லி கண்காட்சியில் வண்டியைக் காட்டும்போது, இடையில் இரும்பு விலையெல்லாம் ஏறியிருந்தும், சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று மேடையில் அறிவித்தார். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிங்கூரில் நிலப் போராட்டம், அக்டோபர் 2008-ல் அங்கிருந்து மூட்டை கட்டி குஜராத் சானந்துக்குப் போனது, மார்ச் 2009-ல் விற்பனை, 2018-ல் ஏறக்குறைய மூச்சு நின்றது. அந்த வருஷம் ஜூன் மாதம் தயாரான நானோ ஒன்றே ஒன்று.

அது ஏன் தோற்றது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. 'உலகத்திலேயே சீப்பான கார்' என்று பெயர் வாங்கிவிட்டதாம். நம் ஆட்களுக்குக் கௌரவம் முக்கியமாம். மலிவான கார் வாசலில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? ரத்தன் டாட்டாவே பின்னாளில் அந்த முத்திரையை ஒரு காரணமாகச் சொன்னார். மேனேஜ்மென்ட் வகுப்புகளிலும் இதையே பாடமாக நடத்துகிறார்கள்.

எனக்கு இதில் சம்மதமில்லை. இந்த விளக்கம் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது, அதனால்தான் நிலைத்துவிட்டது. பொருளில் கோளாறு இல்லை, வாங்காத ஜனங்களின் மனசில்தான் கோளாறு என்று பழியைத் தள்ளிவிடுகிறது. கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் புரட்டிப் பார்க்கிற ஜனங்கள் நாம். நமக்கா மதிப்புப் போடத் தெரியாது?

ஏப்ரல் 2009-ல் முன்பதிவு நடந்தபோது 2 லட்சத்து 3 ஆயிரம் பேர் பணம் கட்டினார்கள். அதில் அந்தப் புகழ்பெற்ற அடிப்படை மாடலைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். பாதிப் பேர் ஏ.சி., பவர் விண்டோ வைத்த உயர்ந்த மாடலைக் கேட்டார்கள். அதன் விலை ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி. அடிப்படை மாடலே டெல்லி ஷோரூமில் 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் சாலை வரி, இன்ஷூரன்ஸ். ஆக ஒரு லட்சம் என்பது மேடையில் சொன்ன விலை, கௌன்ட்டரில் கேட்ட விலை வேறு. க்யூவில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் காவிரிப் பாலத்து ஸ்கூட்டர் குடும்பமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே ஒரு கார் இருக்க, மனைவிக்கோ பெண்ணுக்கோ இன்னொன்று இருக்கட்டுமே என்று வந்த ஆட்கள். ஸ்கூட்டர்காரர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்கே யோசித்திருப்பார். உள்ளே டை கட்டின பையன் முதலில் பார்ப்பது உங்கள் செருப்பை.

சரி, கொடுத்த காசுக்கு என்ன கொடுத்தார்கள்? 624 சி.சி., இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்துப் பின் சக்கரத்தை ஓட்ட வைத்தார்கள். 33 குதிரை சக்தி, நாலு கியர், எடை 600 கிலோ. வண்டியின் நீளம் மூன்று மீட்டர் சொச்சம்தான், ஆனால் ஆறடி ஆள் பின்னால் கால் நீட்டி உட்காரலாம். எஞ்சினை எங்கே வைப்பது என்பதை முதலிலிருந்து யோசித்ததால் கிடைத்த இடம் அது. இந்த ஒன்றுக்கு மட்டும் சானந்து பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடலாம். திரும்புவதற்கு நாலு மீட்டர் ஆரம் போதும். அடையவளஞ்சான் வீதியில் எதிரே குப்பை வண்டி வந்தால் இதன் அருமை தெரியும்.

அப்புறம் குறைத்த கதை. வைப்பர் ஒன்று. சக்கரத்துக்கு போல்ட் மூன்று. அடிப்படை மாடலில் இடப்பக்கக் கண்ணாடி கிடையாது. ஏ.சி., ரேடியோ, ஏர்பேக் எதுவும் இல்லை. பவர் ஸ்டியரிங் வரவே 2014 ஆயிற்று. இதில் பலவற்றை நான் மன்னிப்பேன். வைப்பர் ஒன்று போதும், மழை இரண்டாகவா பெய்கிறது? ஆனால் பெட்ரோல் போட முன் பானெட்டைத் திறக்க வேண்டும் என்பதையும், பின்பக்கக் கதவு திறக்கவே திறக்காது என்பதையும் மன்னிக்க முடியவில்லை. அரிசி மூட்டையைப் பின் சீட்டை மடக்கி உள்பக்கமாகத் தூக்கிப் போட வேண்டும். அந்தக் கதவைத் திறக்க வைக்க 2015 வரை ஆறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வண்டியின் விலை இரண்டு லட்சம். செலவைக் குறைப்பது வேறு, வாங்குகிறவனைத் தினமும் ஒரு தடவை நீ மலிவு என்று ஞாபகப்படுத்துவது வேறு. பெட்ரோல் பங்கில் பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிக்க, இறங்கிப் போய் பானெட்டைத் தூக்குகிற மனுஷனுக்கு எந்த விளம்பரமும் உதவாது.

போதாததற்குச் சில நானோக்கள் தீப்பற்றி எரிகிற படங்கள் பேப்பரில் வந்தன. நவம்பர் 2010-ல் இலவசமாகக் கூடுதல் பாதுகாப்புச் சாதனங்கள் பொருத்தித் தருகிறோம் என்றது கம்பெனி. அந்த மாதம் விற்றவை 509. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் செய்யக் கட்டிய தொழிற்சாலை, எந்த வருஷமும் லட்சத்தைத் தொடவில்லை.

நானோவின் நிஜமான போட்டி எது தெரியுமா? ஏழு வருஷம் ஓடிய மாருதி 800. 1983 டிசம்பரில் வந்தபோதே ஐம்பதாயிரத்துக்குள் விலை வைத்து, அம்பாஸடரையும் ஃபியட்டையும் தாத்தாக்களாக ஆக்கிய வண்டி. புது நானோ விலைக்கு உருப்படியான பழைய 800 கிடைத்தது. பாலக்கரையில் எந்த ஒர்க்ஷாப் பையனும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துப் போடுவான். ஸ்பேர் பார்ட்ஸ் தெருவுக்குத் தெரு. அஞ்சு வருஷம் ஓட்டி விற்றால் பாதிக்கு மேல் திரும்பி வரும். புது வண்டி வாங்கப் போகிறேன் என்றதும், "எதுக்கு சார் அதெல்லாம்? நல்ல எய்ட் ஹன்ட்ரட் ஒண்ணு இருக்கு, டாக்டர் ஓட்டினது" என்று யாராவது சொல்லாத வீதி ஸ்ரீரங்கத்தில் உண்டா? அந்த டாக்டர்கள் எல்லாம் எத்தனை கார்தான் வைத்திருந்தார்களோ! ஆனால் அந்தக் கணக்கு சரியான கணக்கு. அதைப் போட்டவரை கௌரவம் பார்க்கிறவர் என்று சொல்வது அநியாயம்.

ஆனால் நம் பக்கத்திலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. கார் வாங்கப் போகும்போது எதை மனசில் வைத்துக்கொண்டு போகிறோம்? திருப்பதி. குலதெய்வம் கோயில். சென்னையில் தங்கை பெண் கல்யாணம். "ஹைவேல நூறுல போனா ஆடுமா?" என்றுதான் முதல் கேள்வி. நானோ ஆடும், அதன் உச்ச வேகமே 105தான். அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வருஷத்தில் நாம் ஹைவேயில் போவது நாலு நாள் அல்லது ஐந்து நாள். மற்ற 360 நாளும் சித்திரை வீதியிலிருந்து மெயின்கார்டு கேட், தில்லை நகர், ஸ்கூல், ஆஸ்பத்திரி. பாலத்தில் முப்பது கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் அன்று ஏகாதசி புண்ணியம். இந்த 360 நாளுக்கு நானோவைவிடப் பொருத்தமான நாலு சக்கரம் இந்தியாவில் வந்ததில்லை என்பது என் கட்சி. அந்த ஐந்து நாளுக்கு வாடகைக்கு ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளலாம். டிரைவர் ஓட்ட, நீங்கள் தூங்கலாம்.

"பாதுகாப்பு சார், பாதுகாப்பு" என்பீர்கள். நியாயம்தான். ஜனவரி 2014-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நானோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு நட்சத்திரம் பூஜ்யம். பேப்பரெல்லாம் எழுதின. ஆனால் அதே சமயம் அதே சோதனையில் ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோ எல்லாமே பூஜ்யம் வாங்கின. நானோவைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்தவரும் வாங்கியது அதே பூஜ்யம்தான். நட்சத்திரமில்லாத காருக்கு எதை ஒப்பிட வேண்டும் என்பதுதான் கேள்வி. அது வந்தது பென்ஸுக்கு மாற்றாக இல்லை, நாலு பேர் தொற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டருக்கு மாற்றாக. ஸ்கூட்டரை யாரும் சுவரில் மோதி நட்சத்திரம் போடுவதில்லை. அதன் ரிப்போர்ட் வேறு இடத்தில் வருகிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு.

நானோ போன பிறகு காருக்கான சட்டங்கள் இறுகின. மோதல் சோதனை, ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக் எல்லாம் 2019-லிருந்து ஒவ்வொன்றாகக் கட்டாயமாகிவிட்டன. நல்லதுதான், எந்த மடையனும் இதை எதிர்க்க மாட்டான். 2025-ல் ஆல்டோ கே10-க்கே ஆறு ஏர்பேக். அதே வருஷம் செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்து, இருப்பதிலேயே மலிவான மாருதி எஸ்-பிரஸ்ஸோ 3 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினோம். ரோட்டுக்கு வரும்போது அது நாலைத் தாண்டும். நாலு லட்சம் கடன் வாங்கினால், ஒன்பதரை சதவிகித வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் 8,400 ரூபாய் கட்ட வேண்டும். பெட்ரோல் தனி. துணிக்கடையில் வேலை பார்க்கிறவரால் முடியுமா? அவர் ஏறக்குறைய ஒரு லட்சம் கொடுத்து என்ன வாங்குகிறார் தெரியுமா? ஸ்கூட்டர். ஆமாம், அன்று மேடையில் சொன்ன நானோ விலைக்கு இன்று ஸ்கூட்டர் விற்கிறது. கார் வைத்திருப்பவர் ஆறு காற்றுப்பைக்கு நடுவில் போகிறார். கார் இல்லாதவரின் பெண் அதே இடத்தில், அப்பா முதுகுக்கும் அம்மா வயிற்றுக்கும் நடுவில் போகிறாள். சட்டத்துக்கு அவளைத் தெரியாது.

இதற்கு நடுவே ஒன்று செய்திருக்கலாம். நகரத்துக்கு மட்டும், வேகத்துக்குக் கடிவாளம் போட்டு, அதற்குத் தகுந்த பாதுகாப்போடு ஒரு சின்ன வண்டி. அரசாங்கமே 2018-ல் குவாட்ரிசைக்கிள் என்ற வகையைச் சொந்த உபயோகத்துக்கு அனுமதித்தது. பஜாஜ் க்யூட் என்று ஒன்று வந்தது, 216 சி.சி., எழுபதுக்கு மேல் போகாது. உங்கள் தெருவில் ஒன்று பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. ஆட்டோவின் பெரியப்பா பிள்ளை மாதிரி இருந்தது, இரண்டரை லட்சம் வேறு. நானோவின் பின் சீட்டை அதில் வைத்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 2023-ல் எம்.ஜி. காமெட் என்று ஒரு மின்சாரக் கார் வந்தது. நீளம் மூன்று மீட்டருக்குள், நானோவைவிடக் குட்டை. பக்கத்துக்கு ஒரே கதவு. விலை எட்டு லட்சம். அதைத் தில்லை நகரில் நிறுத்தினால் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். 'க்யூட்டா இருக்குல்ல?' சிறிசாக இருப்பது கேவலமில்லை போலிருக்கிறது, எட்டு லட்சம் கொடுத்துவிட்டால்.

பழைய நானோ இப்போதும் கைமாறுகிறது. வாங்குகிற எண்ணம் இருந்தால், 2009, 2010 மாடல்களுக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பின்கதவு திறக்கிற, 2015-க்குப் பிறகு வந்த வண்டியாக இருந்தால் உத்தமம். ஒயரிங்கில் யாராவது கை வைத்துக் கூடுதல் ஹாரன், ஸ்பீக்கர் சேர்த்திருந்தால் வேண்டவே வேண்டாம். முன் டயர் ஒல்லி, பின் டயர் பருமன், மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை. மாம்பழச் சாலை, சத்திரம், தில்லை நகர் என்று தாராளமாக ஓட்டுங்கள். கொள்ளிடம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் யு டர்ன் போட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். நாலு மீட்டர் போதும்.